ரங்கூன் வழியாக வந்த விமானம்

நம் செல்பேசிக் குழுவில் போன வாரம் முழுக்க ஒரே சண்டை. அந்தக் காலத்தில் போர்ட் பிளேருக்கு வந்துபோன விமானத்துக்கு விசிறி இரண்டா நான்கா என்று. ஒருவர் மங்கலாக ஒரு படம் போட்டார். அது நம் ஊர் விமானமே இல்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே போய்விட்டு, மறுநாள் காலை பூப்படத்தோடு வணக்கம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். எல்லோருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருக்கின்றன. இதற்கெல்லாம் எங்கிருந்துதான் உங்களுக்குத் தெம்பு வருகிறதோ. நான்குதான். இத்தோடு விடுங்கள்.

ஓடுதளத்தின் ஓரத்திலேயே குடியிருந்தவள் என்பதால் என்னை எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், விமானம் என்றாலே எனக்கு இப்போது அலுப்புத்தான். கராச்சர்மாவில் மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மெயின்லேண்டில் இருக்கும் மகன், "காலை ஃப்ளைட்டப் பிடிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க இருக்கலாமேம்மா" என்கிறான். இந்த மூட்டு வலியோடு அந்தக் கண்ணாடி மண்டபத்தில் சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, செருப்பைக் கழற்று, வளையலைக் கழற்று என்று அவர்கள் சொல்வதையெல்லாம் செய்து முடிப்பதை நினைத்தாலே படுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. இதைப் பார்க்கவா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு அடி வாங்கினோம்?

அன்றைய லம்பா லைன் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வரிசைத் தகரக்கூரை வீடுகள், நடுவில் ஒரு செம்மண் பாதை, அதைத் தாண்டினால் முள்கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஓடுதளம். வேலி என்று பேர்தான். எங்கே ஓட்டை இருக்கிறது என்பது ஆட்டுக்கும் மாட்டுக்கும் எங்களுக்கும் நன்றாகத் தெரியும். கம்பியில் யாரோ ஏற்றிவிட்ட பாகற்கொடி படர்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் அதிலிருந்து ஒரு கசந்த பச்சை வாசனை வரும். விமானம் வந்து நின்றதும் அதன் எண்ணெய் வாசனையும் இதோடு சேர்ந்துகொள்ளும். பிற்பாடு பாராடாங் தீவில் ஆசிரியையாக இருந்த வருடங்களில், படகுத்துறையில் ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் எனக்குப் பாகற்காய் ஞாபகம் வந்துகொண்டிருந்தது. கூட வேலை பார்த்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

என் அப்பா அங்கே தீயணைப்பு வண்டி ஓட்டினார். சிவப்பு வண்டி, பித்தளை மணி, கால்முட்டி வரை ரப்பர் பூட்ஸ். அவர் தீயை அணைத்ததாக எனக்கு நினைவில்லை. மாடு விரட்டியதுதான் நினைவிருக்கிறது. விமானம் வரப்போகிறது என்று ஒயர்லெஸ்ஸில் தகவல் வந்ததும் சங்கு ஊதுவார்கள். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மணி அடித்துக்கொண்டே போவார். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பெங்காலி மௌசி இருந்தாள். அவளுடைய மாடுகளுக்கு ஓடுதளத்து ஓரப் புல் என்றால் உயிர்.

"அரே டிரைவர் சாப், தீரே, தீரே!" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவாள். மாடு சினையாக இருக்கிறது, மெதுவாக விரட்டு என்பது அவள் கட்சி. அவளுடைய மாடுகள் வருடம் முழுக்கச் சினையாகத்தான் இருந்தன.

"மௌசி, ஜல்தி! மேலே சீஃப் கமிஷனர் வந்துக்கிட்டிருக்காரு, கீழே உன் மாடு நிக்குது. யாரை முதல்ல நிறுத்தறது?" என்பார் அப்பா, பாதி இந்தியில் பாதித் தமிழில். இப்படி அப்பா கிண்டலும் கேலியுமாகப் பேசுவதெல்லாம் மௌசியிடமும் எங்களிடமும்தான். வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டையும் போட்ட பைலட் இறங்கி வந்தால், அப்பா வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று சல்யூட் வைப்பார். அவர்கள் கடந்து போகும்வரை கையை இறக்க மாட்டார். அவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததே இல்லை.

எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கடல் பக்கத்து மேட்டுக்கு மேலே புள்ளியாக விமானத்தை யார் முதலில் பார்க்கிறார்களோ, அன்றைய விமானம் அவர்களுடையது. அதிலிருந்து இறங்குகிறவர்களும் அவர்களுக்கே சொந்தம். குடையோடு இறங்கும் அதிகாரி, பவுடர் கலைந்த அவர் மனைவி, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் எல்லோரும் ஒரு நாள் முழுக்க நம் ஆட்கள். காது அடைக்காமலிருக்க விமானத்தில் கொடுத்த பஞ்சும் ஆரஞ்சு மிட்டாயும் சிலர் பையில் மிச்சமிருக்கும். நல்ல மனசுக்காரர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வீசுவார்கள். மிட்டாயைத் தின்றுவிட்டுப் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு திரிவோம். அம்மா கூப்பிட்டால் கேட்காது. அதற்கும் அடி உண்டு.

இந்த விளையாட்டில் எப்போதும் ஜெயிப்பவள் எதிர்வீட்டுக்காரி. அப்படித்தான் நான் அவளைக் கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த வேதக்காரக் குடும்பம். அவளுடைய அப்பாவை நான் மாமா என்பேன், அம்மாவை அத்தை என்பேன். ஜங்லிகாட் துறையில் மாமாவின் டிங்கி நிற்கும், பாய் கட்டிய சின்னப் படகு. தினமும் அப்பாவின் பாய் தெரிகிறதா என்று கரையில் நின்று பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. நான் வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே, "ஏட்டி, அந்தா வருது" என்பாள் அலட்சியமாக.

மாமா விமானத்தை மதித்ததில்லை. "ஆள முழுங்கிட்டு வந்து கக்குத மீனு" என்பார். ஆனால் கடலில் இருக்கும்போது அது தலைக்கு மேல் தாழப் போனால், தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டுவாராம். அதை மகளிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருக்கும். "என்னைய அவ்வொ பாத்திருப்பாவ, என்ன?" என்று கேட்பார். "பாத்திருப்பாவப்பா" என்பாள் அவள், விமானமே தன்னுடையது என்பதுபோல.

விமானம் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். எல்லாம் கல்கத்தாவிலிருந்து வருபவை. அதில் ஒன்று ரங்கூனில் இறங்கி ஏறி வரும். நேராக வருவது பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் வந்துவிடும். ரங்கூன் வழியாக வருவது வெயில் ஏறிய பிறகு வரும். நாங்கள் மட்டம் போட்டது அதற்காகத்தான். அது கொஞ்சம் அந்நிய விமானம்போல எங்களுக்குத் தோன்றும். அதிலிருந்து இறங்குகிறவர்களின் கையில் அரக்குப் பூசிய பெட்டிகளும் சாயக் குடைகளும் இருக்கும்.

அந்த வருடம் தென்மேற்கு மழை தொடங்கிய வாரத்தில் மாமா திரும்பி வரவில்லை.

கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போயிருந்தார். காலையில் நன்றாக இருந்த வானம் மத்தியானம் கறுத்தது. எங்கள் கூரைத் தகரமே இரண்டு பிடுங்கிக்கொண்டு போன காற்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஜங்லிகாட் துறையிலிருந்து படகுகள் தேடிப் போயின. ஒரு துடுப்புகூடக் கிடைக்கவில்லை. அத்தை கரையிலேயே உட்கார்ந்திருந்தாள், மடியில் கைக்குழந்தையோடு. அம்மா சோறு கட்டிக்கொண்டு போய் ஊட்டிவிட்டு வருவாள்.

எதிர்வீட்டுக்காரி கரைக்குப் போகவில்லை. அவள் வேலிக்கு வந்தாள்.

அவளுடைய கணக்கு எளிமையானது. காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. அப்படியென்றால் டிங்கி வடகிழக்கே போயிருக்கும். வடகிழக்கே போனால் பர்மா. பர்மாவிலிருந்து இங்கே வருவது ரங்கூன் விமானம். அதில் அப்பா வருவார். வராவிட்டாலும், விமானத்தில் இருப்பவர்கள் கடலில் துண்டு ஆடியதைப் பார்த்திருப்பார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சாப்பிட்டுக்கொண்டே பேசுவதுபோலச் சாதாரணமாக இதைச் சொன்னாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பெரியவர்களிடம் சொன்னபோதுதான் அது தப்பு என்று தெரிந்தது.

"ஏரோப்ளேன்ல வர்ற ஆளாடி உங்கப்பா?" என்றாள் என் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது ஆபீஸர்மாரு வர்றது. நாமெல்லாம் கப்பல்ல வர்ற சனம் கண்ணு."

இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள். அந்தக் காலத்தில் தீவில் எல்லோருக்கும் காத்திருக்கிற இடம் கப்பல்துறைதான். கல்யாணப் பெண்ணும் கப்பலில் வருவாள், கருமாதிச் செய்தியும் கப்பலில் வரும். மாமாவைப் பற்றி ஏதாவது தெரியவேண்டுமென்றால் கப்பல்காரர்களைத்தான் கேட்கவேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஆள் போய் விசாரித்தது. மெட்ராஸ் கப்பலையும் கல்கத்தாக் கப்பலையும் விசாரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் மேற்கேயிருந்தும் வடக்கேயிருந்தும் வருகிறவர்கள். மாமா போனது கிழக்கே.

ரங்கூன் விமானம் வந்த நாட்களில் நாங்களே வேலியோரம் நின்று கத்திப் பார்த்தோம். விசிறிச் சத்தத்தில் நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை. காவல்காரர் குச்சியோடு வந்து விரட்டினார். அப்புறம்தான் அவள் என் அப்பாவைப் பிடித்தாள். அப்பா மழைக்கோட்டோடு வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"மாமா, பைலட்டுக்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க மாமா. கடல்ல ஒரு ஆளு துண்டு ஆட்டுனாவளான்னு. ரங்கூன்ல யாராச்சும் கரையேறுனாவளான்னு. நீங்க உள்ள போலாம்லா?"

அப்பா அவள் தலையில் கை வைத்தார். "கேக்குறேம்மா" என்றார்.

அவள் போன பிறகு அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பைலட் முன்னாடி போயி நின்னு, சார், கடல்ல துண்டு ஆடுச்சான்னு கேக்கச் சொல்றியா? நான் யாரு, அவரு யாரு? பைத்தியக்காரன்னு நினைப்பாங்க."

அடுத்த ரங்கூன் விமானம் வந்து போனது. அன்று மாலை அவள் மறுபடியும் வாசலில் நின்றாள். அப்பா பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். குனிந்தபடியே, "கேட்டேம்மா. பைலட்டு ஒண்ணும் பாக்கலியாம். ரங்கூன்லயும் அப்படி யாரும் வரலியாம்" என்றார்.

எதிர்வீட்டுக்காரி அவருடைய குனிந்த தலையைப் பார்த்தாள். அப்புறம் போய்விட்டாள். அத்தைக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. அதுவரை தாலியைக் கழற்ற மாட்டேன் என்றிருந்தவள், விமானக்காரர்களே சொல்லிவிட்டார்கள் என்றதும் தரையில் சாய்ந்துவிட்டாள். அந்த ஒப்பாரி மழைச் சத்தத்தை மீறி எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நல்ல மனுஷர், அடுத்தவர் துக்கம் தாங்கமாட்டார் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாதா கோயிலில் சாமியார் ஆத்துமப் பூசை வைத்தார். உடம்பு இல்லாததால், மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் போடும் வெள்ளைச் சட்டையை மடித்து ஒரு மேசைமேல் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பிறகு அதை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவர்கள் ஊரில் கடலில் போனவர்களுக்கு அப்படித்தான் செய்வார்களாம். சட்டையில் மீன்வாடை துளியும் இல்லை, நீலம் போட்ட வாசனைதான் வந்தது. எதிர்வீட்டுக்காரி குழியில் மண் போடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இந்த வயசிலேயே இத்தனை நெஞ்சழுத்தமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அழுதால்தானே பிள்ளைக்கு நல்லது என்றார்கள். அவளைக் கிள்ளிக்கூடப் பார்த்தாள் ஒரு கிழவி.

மூன்று பிள்ளைகளோடு ஒரு பெண் இங்கே தனியாக என்ன செய்வாள்? ஊரில் அத்தையின் அண்ணன் இருக்கிறார், அங்கே அனுப்பிவிடுவது நல்லது என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். முன்னால் நின்று எல்லாம் செய்தது என் அப்பாதான். கப்பலில் மலிவான பங்க் படுக்கை டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார். டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டினார். கப்பல் கிளம்பும் சாத்தம் ஜெட்டியில் பெட்டியைத் தன் தலையிலேயே சுமந்து ஏற்றினார். அவ்வளவு ஓடியாடிச் செய்ததைப் பார்த்து எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள்.

"போமாட்டேன். அப்பா வந்து தேடுவாவ" என்று எதிர்வீட்டுக்காரி ஏணிப்படியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அத்தை அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். வெள்ளைச் சேலையில் அத்தை அதற்குள் வேறு யாரோபோல இருந்தாள். கப்பல் நகர்ந்தது. பக்கத்து மரம் அறுக்கும் ஆலையிலிருந்து தூள் பறந்து வந்து எங்கள் ஈரத் தலையில் ஒட்டியது. நான் கையாட்டினேன். அவள் ஆட்டவில்லை.

அதற்குப் பிறகு வேலிக்குத் தனியாகப் போவதில் ஒரு சுவையும் இல்லை. இருந்தாலும் போனேன். போட்டிக்கு ஆளில்லாமல் எல்லா விமானமும் என்னுடையதாகவே இருந்தது. மௌசியின் மாடு உண்மையிலேயே ஈன்றது. எதிர்வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம் குடிவந்தது.

மழை விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்கிய பருவத்தில், ஒரு நாள் ரங்கூன் விமானம் வந்தது. வழக்கம்போல அதிகாரிகள் இறங்கினார்கள். ஒரு அம்மாள் குழந்தையோடு இறங்கினாள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தபோது, கடைசியாக ஒரு ஆள் படியில் நின்றார். மொட்டைத் தலை. தோளிலிருந்து நழுவும் பெரிய கோட்டு, யாரோ கொடுத்தது. கீழே பர்மாக்காரர்களின் கைலி. காலில் செருப்பில்லை. படியில் ஒவ்வொரு காலாக வைத்து, படகிலிருந்து இறங்குகிறவர்போலப் பக்கவாட்டில் இறங்கினார்.

அந்த நடையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முகம் பாதியாகச் சிறுத்திருந்தது.

அவர் அலுவலகத்தின் பக்கம் பார்க்கவில்லை. நேராக வேலியைப் பார்த்தார். பாகற்கொடி படர்ந்த அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் அவர் கண் மெதுவாக வந்தது. என்மேல் வந்து நின்றது. பிறகு எனக்கு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். நான் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து ஓடினேன். காவல்காரர் கத்தினார். அன்று அவர் என்னை அடித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

"எங்கட்டி அவ?" என்றார் மாமா.

"ஊருக்குப் போயிட்டா மாமா. எல்லாரும் கப்பல்ல போயிட்டாங்க."

"ஏன்?"

"நீங்க செத்துட்டீங்கன்னு."

குழந்தை அப்படித்தான் சொல்லும். எனக்கு வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அப்பா வண்டியை விட்டிறங்கி ஓடி வந்தார். பாதி வழியில் ஆளை அடையாளம் கண்டுகொண்டு, அப்படியே நின்றுவிட்டார். பைலட்டும் அங்கே வந்தார். நான் அவ்வளவு பக்கத்தில் ஒரு பைலட்டைப் பார்த்தது அன்றுதான். காதோரம் நரைத்த, களைத்துப்போன சாதாரண மனுஷர். சல்யூட் வைக்க மறந்து நின்ற என் அப்பாவின் தோளில் தட்டிச் சிரித்தார்.

"தும்ஹாரா ஆத்மி லே ஆயா" என்றார். உங்கள் ஆளைக் கொண்டுவந்துவிட்டேன் என்று. பிறகு அவர் இந்தியில் சொன்னதெல்லாம் எனக்கும் புரிந்தது, அப்போதே நாமெல்லாம் தெருவில் பேசியது அந்த இந்திதானே. இந்த ஆள் பர்மாக் கரையில் ஒதுங்கி, சிப்பாய்கள் பிடித்து வைத்திருந்து, ரங்கூனுக்குக் கொண்டுவந்து பல வாரங்கள் ஆகின்றன. அந்தமான் மீனவன் ஒருவன் ஜெயிலில் இருக்கிறான் என்று ரங்கூன் விமான நிலையத்தில் டீ கொடுப்பவன்வரை எல்லோருக்கும் தெரியும். காகிதம் நகரத்தான் நாளாயிற்று.

"இங்கே யாராவது தேடுகிறார்களா என்று நான்கூட நினைத்ததுண்டு" என்றார் பைலட். "கிஸீ நே பூச்சா ஹீ நஹீ."

யாரும் கேட்கவே இல்லை.

அப்பா மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை யாரிடமும் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். எனக்கு அன்று கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அப்பா சொன்ன ஒரு வாக்கியம் இவ்வளவு தூரம் போய்விட்டதே என்ற பயம். அவர் கெட்டவர் இல்லை. ஆசையை வளர்த்து அந்தப் பிள்ளை ஏமாறக்கூடாது என்றும் நினைத்திருப்பார். ஆனால் பெரிதாக இருந்தது கூச்சம்தான். தங்கப் பட்டை போட்டவர் முன்னால் ஒரு வார்த்தை வாய்திறக்கக் கூசிய கூச்சம். இந்த வயதில் யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் எத்தனையோ காரியங்கள் இந்தக் கூச்சத்தால்தான் கெட்டுப்போயின. நினைக்க நினைக்க அசதியாக இருக்கிறது.

அடுத்த கப்பல் வரும்வரை மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். உடனே தந்தி அடித்தோம். ஊரிலிருந்து பதிலும் வந்தது, எல்லோரும் நலம், வந்து சேரவும் என்று. அம்மா அவருக்கு மீன் கொடுக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கஞ்சிதான் குடித்தார். ஒரு நாள், "அண்ணாச்சி, எம் வெள்ளச் சட்ட எங்க? ஊருக்குப் போட்டுட்டுப் போலாம்னு பாத்தேன்" என்று கேட்டார்.

"பொதைச்சிட்டோம்பா" என்றார் அப்பா.

மாமா சிரித்தார். வந்த பிறகு சிரித்தது அப்போதுதான். இருமல் வரும்வரை சிரித்தார். அப்பா எழுந்துபோய்த் தன்னுடைய நல்ல சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அது அவருக்கு இரண்டு ஆள் அளவுக்கு இருந்தது.

பைலட் சொன்னதை மாமாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம். மகளைப் பற்றி மாமா ஒன்றுமே கேட்காதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாப்பிட்டாளா, படித்தாளா, எதுவும் கேட்கவில்லை. அவள் பேரை நான் எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

கப்பல் நாளில் நானும் சாத்தத்துக்குப் போனேன். சாமான் என்று ஒன்றுமில்லை, ஒரு துணிப்பைதான். அதையும் அப்பா விடாமல் சுமந்து வந்தார். ஏணிப்படி அருகே கூட்டம் நெரித்தது. மாமா ஒரு காலை முதல் படியில் வைத்தார். வைத்த காலை எடுத்துவிட்டு, என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அப்பாவின் சட்டைக் கை அவர் விரல்களை மூடிக்கொண்டு தொங்கியது.

"ஏட்டி" என்றார். "அவளும் நம்பிட்டாளா?"

இதைக் கேட்கத்தான் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"இல்ல மாமா. அவ நம்பல. மண்ணு கூடப் போடல. எங்கப்பா பைலட்டுக்கிட்டக் கேட்டேன்னு சொன்னாருல்ல, அதையும் நம்பல. 'உங்கப்பா கேக்கவே இல்லட்டி, கேட்டிருந்தா எம் மூஞ்சப் பாத்துல்லா சொல்லியிருப்பாவ'ன்னு எங்கிட்டச் சொன்னா. நான்தான் அவ சொன்னத நம்பல."

மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. துடைக்கவில்லை. என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "போதும்" என்றார். "இது போதும்ட்டி எனக்கு." எழுந்து அப்பாவிடமிருந்து பையை வாங்கிக்கொண்டார். அப்பாவின் கையை ஒரு நொடி பிடித்தார். "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். மேலே போய்த் திரும்பிக் கையாட்டினார், நான் ஆட்டினேன்.

அப்பா ஆட்டவில்லை. கயிறு அவிழ்ப்பவர்கள் எங்களை ஒதுங்கச் சொல்லிக் கத்தினார்கள். அப்பா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"நிஜமாவே அப்படிச் சொன்னாளா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"எப்பச் சொன்னா?"

"நீங்க சொன்ன அன்னைக்கே."

அப்பா ஜெட்டியின் ஈரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கப்பல் போய், வழியனுப்ப வந்தவர்களும் போய், குறுக்கும் நெடுக்கும் பெருக்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் வாங்கப்பா என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.